ஆயிரம் பீடிக்கு எத்தனை நிமிடம்?

ஒரு சொளகு, அதில் இலை, தூள், நூல், ஒரு கத்தரி. திருநெல்வேலிச் சீமையில் பெண்களுக்கு அதிகமாக வேலை கொடுத்த தொழிற்சாலைகளில் ஒன்று இவ்வளவுதான். மேலப்பாளையத்தில், பேட்டையில், முக்கூடலில், தாமிரபரணிக்கு வடக்கே ஆலங்குளம், கடையம், பொட்டல்புதூர் வரைக்கும் எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையிலோ தார்சாவிலோ மடியில் சொளகோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். பஞ்சாலைக்குச் சங்கு உண்டு. ஊதினால் வேலை முடிந்தது, கேட்டைத் தாண்டினால் வீடு. சொளகுக்குச் சங்கும் இல்லை, கேட்டும் இல்லை.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு நிதானம் வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறோம். 2020-இல் கொரோனாவோடு ஐடி வேலை வீட்டுக்கு வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப், ராத்திரி பத்து மணிக்கு மீட்டிங். அந்தச் சிரமம் உண்மைதான். ஆனால் வேலை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை ஐம்பது அறுபது வருஷமாக அனுபவித்துக்கொண்டிருப்பவர்கள் எங்கள் ஆற்றோரத்துப் பீடிக்காரப் பெண்கள். நாடு முழுக்கப் பதிவுபெற்ற பீடித் தொழிலாளர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர், அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்து சுற்றும் பெண்கள். அவர்களில் ஒருத்தியின் ஒரு நாளை நிமிடத்தாலும் பைசாவாலும் அளந்து பார்க்கலாம்.

முதலில் வேகம். இலையை முந்தின நாள் சாயங்காலமே நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்கவேண்டும். காலையில் ஈரம் பதமாக இருக்கும்போது தகட்டளவு வைத்து வெட்டவேண்டும். வெட்டின துண்டில் ஒரு சிட்டிகை தூளைப் பரத்தி, இரண்டு கைப் பெருவிரலாலும் உருட்டி, நுனியை மடக்கி, வாய்ப்பக்கம் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி அறுத்தால் ஒரு பீடி. பழகின கைக்கு இது முப்பது விநாடி. நிமிடத்துக்கு 2, மணிக்கு 120, ஆயிரத்துக்கு 8 மணி 20 நிமிடம். இலை வெட்டுவது, 25 பீடி வைத்து ஒரு கட்டாக 40 கட்டுக் கட்டுவது இதில் சேரவில்லை. அதையும் சேர்த்து மணிக்கு 100 என்று எடுத்தால் ஆயிரத்துக்கு 10 மணி நேரம். கை மெதுவானவர்களுக்கு இன்னும் கூடும். இந்தக் கணக்கு முழுக்க நான் 10 மணி நேரத்தையே வைத்துக்கொள்கிறேன்.

கூலி ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். கணக்குக்கு வசதியாக ஆயிரத்துக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பீடிக்கு 25 காசு, மணிக்கு 25 ரூபாய். ஆனால் கொடுத்த இலை ஆயிரத்துக்குப் போதாமல் போவது இந்தத் தொழிலில் சகஜம். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் பறிக்கப்பட்டு மூட்டை மூட்டையாக வந்து சேர்வது. ஓட்டையும் கிழிசலும் போக மிஞ்சினதுதான் சுற்ற உதவும். குறைகிற இலைக்கு 20 ரூபாய் கைக்காசு போட்டால் 48 நிமிட உழைப்பு போயிற்று. இலை கொடுத்த பீடிக் கடையில் சரியில்லை என்று நூற்றுக்கு ஐந்து கழித்தால் 50 பீடி, இன்னும் ஒரு 30 நிமிடம். ஆக 1 மணி 18 நிமிடம் கூலியில்லாமல் கரைந்துவிடும். இதை யாரும் வேலை நேரமாக எழுதி வைப்பதில்லை.

இப்போது வீட்டுப் பக்கம் வருவோம். மத்திய அரசு 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சமையல், துவைப்பு, பெருக்கல் போன்ற கூலியில்லாத வீட்டு வேலையைச் செய்கிற பெண் ஒரு நாளைக்கு அதற்குக் கொடுப்பது 289 நிமிடம். அந்த வேலையில் கைவைக்கிற ஆண் கொடுப்பது 88 நிமிடம். 15 முதல் 59 வயது வரை உள்ளவர்களில் பிள்ளைகளையும் முடியாதவர்களையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு 140 நிமிடம், ஆணுக்கு 74.

ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். அதில் பீடிக்கு 600, வீட்டுக்கு 289, பிள்ளைக்கு 140 போனால் மிச்சம் 411. உறக்கம், சாப்பாடு, குளியல், குழாயடி, கடைக்குக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து இலை வாங்கி வருவது, நல்லது கெட்டது எல்லாம் இந்த 411 நிமிடத்துக்குள் அடங்கவேண்டும். ஏழு மணி நேரம் தூங்கினாலே 420. உறக்கத்தை மட்டும் எழுதினாலே கணக்கில் 9 நிமிடம் துண்டு விழுகிறது. அந்தப் பெண் இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை.

துண்டு விழுந்த கணக்கை எப்படி நேர் செய்கிறார்கள்? இரண்டு வழிதான். ஒன்று, உறக்கத்தில் கை வைப்பது. இன்னொன்று, ஒரே நிமிடத்தை இரண்டு தரம் செலவழிப்பது. எங்கள் வளவில் நான் அத்தை என்று கூப்பிட்ட ஒருவர் கைக்குழந்தையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே சுற்றுவார். அடுப்பில் சோறு கொதிக்கும் சத்தம் மாறினால் சொளகை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். வாய் மூத்தவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையை இறக்கும் முன்னே, "ஏட்டி, அந்த நூலை எடுத்துட்டு வந்து ரெண்டு கட்டு கட்டித் தா" என்பார். 140 நிமிடத்தில் பாதி 600-க்குள்ளேயே ஒளிந்திருக்கும். பிள்ளை வளர்ந்தது, பீடியும் ஆனது என்று வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். எனக்கும் அப்போது அப்படித்தான் தெரிந்தது. தூளின் நெடி அந்தப் பிள்ளையின் மூச்சுக்குள்ளும் போனது என்பது வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. பீடிக்கு 0.2 கிராம் தூள் என்றால் ஆயிரத்துக்கு 200 கிராம். வருஷத்தில் 300 நாள் சுற்றினால் 3 லட்சம் பீடி, 60 கிலோ புகையிலை. அது முழுக்க வீட்டுக்குள்ளே, மடிக்குப் பக்கத்திலே.

வாரக் கணக்குப் பார்த்தால் இன்னும் துலக்கமாகத் தெரியும். ஆறு நாள் பீடி என்றால் 60 மணி. ஏழு நாள் வீட்டு வேலை 33 மணி 43 நிமிடம். கூட்டினால் 93 மணி 43 நிமிடம். பிள்ளையைப் பார்ப்பதை இதில் சேர்க்கவில்லை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்றார். நாடே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆனால் முக்கூடலில் ஒரு பெண் அந்த 90-ஐ எப்போதோ தாண்டிவிட்டாள்.

நேரத்துக்காகச் சண்டை போட்ட மண்தான் இது. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். கூலி உயர்வோடு சேர்த்து வேலை நேரத்தைக் குறை, வார விடுமுறை கொடு என்றும் கேட்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஆலையில் ஆண்களின் வேலைக்குச் சட்டம் நாளுக்கு 12 மணி என்று வரம்பு கட்டியது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1911-இல்தான். 1922-இல் வாரத்துக்கு 60 மணி, 1934-இல் 54, 1946-இல் 48 என்று வரம்பு படிப்படியாக இறங்கியது. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் நம் பீடிக்காரப் பெண்ணின் 60 மணி 1922-லேயே நிற்கிறது.

ஏன் நின்றது? 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று நல்ல ஏற்பாடுகள் அதில் இருந்தன. விடுப்பும் பேறுகால உதவியும் வீட்டில் சுற்றுகிறவருக்கும் உண்டு என்றது. ஆனால் 9 மணி, 48 மணி என்ற வரம்பு தொழிற்கூடத்துக்கு உள்ளே செய்யும் வேலைக்குத்தான். பீடித் தயாரிப்பைத் தொழிற்கூடத்துக்கு வெளியே நடத்தக்கூடாது என்று 29-ஆம் பிரிவு கண்டிப்பாகச் சொல்லியது. சொல்லிவிட்டு அதே மூச்சில் ஒரு விதிவிலக்கும் கொடுத்தது: முதலாளியோ ஒப்பந்தக்காரரோ இலையும் தூளும் கொடுத்து வீட்டில் சுற்றச் சொன்னால் அந்தத் தடை பொருந்தாது. கூடம் வைத்தால் நேர வரம்பு, காற்றோட்டம், கழிப்பறை, வார விடுமுறை எல்லாம் பார்க்கவேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் வாடகை, விளக்கு, தண்ணீர் எல்லாம் அவள் கணக்கு. வேலை எந்தப் பக்கம் போயிருக்கும் என்பதற்குப் பெரிய யோசனை வேண்டாம்.

வேறு மாதிரியும் நடத்தலாம் என்று மலைக்கு அந்தப் பக்கம் காட்டினார்கள். 1968-இல் கேரளத்தில் அந்தச் சட்டத்தை அமல்படுத்தியபோது பெரிய பீடி முதலாளி கூடங்களை மூடிவிட்டுப் போக, ஏறத்தாழ 12,000 பேருக்கு வேலை போனது. அவர்களை வைத்து 1969 பிப்ரவரியில் கண்ணூரில் தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வளர்ந்த காலத்தில் 40,000 பேருக்கு மேல் இருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து சுற்றினார்கள். ஒருவர் பேப்பரையும் நாவலையும் உரக்க வாசிப்பார், அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அந்த எழுந்துபோவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதே இலை, அதே தூள். ஆனால் வேலைக்கு ஒரு வாசல் இருந்தது.

நம் பக்கம் வாசல் இல்லாததால் ஒவ்வொரு ஓய்வுக்கும் தனி விலை உண்டு. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போய் அரை நாள் இருந்தால் 500 பீடி, 125 ரூபாய். ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் ரெண்டு மணி நேரம் நின்று வடம் பார்த்தால் 50 ரூபாய். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு மூன்று நாள் குடும்பத்தோடு போனால் பஸ் காசு எடுத்துவைக்கும் முன்னே 750 ரூபாய். அதிலும் முந்தின நாள் நனைத்த இலை காய்ந்து வீணாகக் கூடாது என்பதால், நாளைக்கு ஓய்வா இல்லையா என்பதை இன்று சாயங்காலமே தீர்மானிக்கவேண்டும். திடீரென்று காய்ச்சல் வந்தால் கூலியோடு இலையும் போகும். சமீப காலமாகப் பல கடைகளில் ஆயிரத்துக்கு இலை கொடுப்பதே இல்லை. ஐந்நூறு, அறுநூறு என்று குறைத்துவிட்டார்கள். அதனால் நேரம் கிடைக்கிறதே என்று சொல்ல மனம் வரவில்லை. காசில்லாத நேரத்தை யாரும் ஓய்வாக நினைப்பதில்லை, நூறு நாள் வேலைக்கோ பிறர் வீட்டு வேலைக்கோ ஓடுகிறார்கள்.

வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. அதையும் எண்ணிலேயே சொல்லலாம். 289-ஐயும் 88-ஐயும் கூட்டினால் 377 நிமிடம். ஆளுக்குப் பாதி என்றால் 188 சொச்சம். அவளுக்கு 100 நிமிடம் மீதி. பிள்ளையைப் பார்ப்பதிலும் 140-ஐயும் 74-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் இன்னும் 33. ஒரு பைசா செலவில்லாமல் 133 நிமிடம். இதற்கு எந்தச் சட்டமும் வேண்டாம், அரிவாள்மனையை யார் எடுப்பது என்பதுதான் கேள்வி. அடுத்தது கூலி. 8 மணி நேரத்தில் சுற்றும் 800 பீடிக்கே அதே 250 ரூபாய் கிடைக்கவேண்டும் என்றால் ஆயிரத்துக்கு 312 ரூபாய் 50 காசு. பீடிக்கு ஆறேகால் காசு கூடுதல். 25 பீடிக் கட்டுக்கு 1 ரூபாய் 56 காசு. அந்தக் காசில் அவளுக்குத் திரும்பக் கிடைப்பது தினம் 120 நிமிடம். எல்லாம் சேர்ந்தால் 411 நிமிடம் 664 ஆகும். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் மூன்று மணி நேரம் கையில் நிற்கும்.

வீட்டில் சுற்றுகிறவரும் வருங்கால வைப்பு நிதிச் சட்டப்படி தொழிலாளிதான் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. வைப்பு நிதிக்குத் தொழிலாளி என்றால் நேரத்துக்கும் தொழிலாளிதானே. 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது 1966 சட்டமும் அவற்றுக்குள் அடங்கிவிட்டது. வாரம் 48 மணி என்ற வரம்பு அங்கும் இருக்கிறது. அது தார்சா வரைக்கும் வரவேண்டும் என்று கேட்பதில் நான் தயங்கப்போவதில்லை.

அந்தப் பழைய சட்டத்தின் 21-ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாக வாசித்தேன். வாரத்தில் ஒரு நாள் தொழிற்கூடம் முழுவதுமாக மூடியிருக்கவேண்டும் என்கிறது. கூடவே ஒரே ஒரு விலக்கு: இலை நனைக்கும் வேலை. வாசித்ததும் அத்தையின் ஞாயிற்றுக்கிழமைகள்தான் நினைவுக்கு வந்தன. அன்றைக்குக் கடை கிடையாது. மத்தியானம் கறிக்குழம்பு, சாயங்காலம் டிவியில் படம். படம் பாதியில் இருக்கும்போது எழுந்து போவார். பின்கட்டில் அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு இலைக்கட்டின் மேல் ஊற்றும் சத்தம் கேட்கும். சாக்கைப் போர்த்தி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "என்ன நடந்துச்சு?" என்று கதையைக் கேட்பார்.