தங்குவிடுதிப் புள்ளிகளும் தனி ஒருவரின் நகரப் பயணமும்



ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. கையில் உள்ள பொருள் இலவசமாக வந்ததுபோல் தோன்றினாலும், அதைச் செலவிடும்போது கணக்குப் பார்க்க வேண்டும் என்பதே அதன் கருத்து. இவ்வறிவுரை பெரிதும் பொருந்துகின்ற ஒன்றைப் பற்றி இன்று பேசுவோம். தங்குவிடுதிகள், அதாவது ஹோட்டல்கள், தங்கள் உறுப்பினர்களுக்கு வழங்குகின்ற வெகுமதிப் புள்ளிகளே அவை.

அலுவல் காரணமாகவோ உறவினர் திருமணத்திற்காகவோ வெளியூர் சென்று ஹோட்டலில் தங்கியவர்களில் பலர், அங்கே கேட்டுக்கொண்டதற்காக உறுப்பினராகப் பதிந்திருப்பார்கள். பிறகு அதை மறந்தும் போயிருப்பார்கள். ஆண்டுகள் சில கழிந்தபின் பார்த்தால், கணக்கில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ புள்ளிகள் இருக்கும். அவற்றைக் கொண்டு ஒருவர் தனியாக ஒரு நகரத்தில் இரண்டொரு நாள் தங்கி வரலாமா? அப்படிச் செய்வது ஆதாயமா? இதைக் கணக்கிடுவது எப்படி? இவையே நாம் இன்று ஆராயப் போகும் கேள்விகள்.

முதலில் இந்த ஏற்பாடு தோன்றிய வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். அமெரிக்காவில் 1896ஆம் ஆண்டிலேயே ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்சன் என்னும் நிறுவனம் பச்சை நிற முத்திரைகளை அச்சிட்டுக் கடைகளுக்கு விற்றது. கடைக்காரர்கள் அவற்றைத் தங்களிடம் பொருள் வாங்குவோருக்குக் கொடுத்தார்கள். மக்கள் அவற்றைச் சிறு புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, வீட்டுப் பொருள்களாக மாற்றிக்கொண்டார்கள். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்னும் விமான நிறுவனம், பயணிகள் பறந்த மைல்களுக்கு ஏற்ப இலவசப் பயணம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1983இல் ஹாலிடே இன், மேரியட் ஆகிய தங்குவிடுதிக் குழுமங்களும், 1987இல் ஹில்டன், ஹயாட் ஆகியவையும் அதே வழியைப் பின்பற்றின.

விடுதிகள் ஏன் இப்படிப் புள்ளிகளைக் கொடுக்கின்றன? வாடிக்கையாளர் அடுத்த முறை வேறு விடுதியை நாடாமல் தம்மிடமே வரவேண்டும் என்பதற்காகத்தான். அதற்காகும் செலவு நாம் கொடுக்கும் அறை வாடகையிலேயே அடங்கியிருக்கிறது. ஆகவே, புள்ளி என்பது தானமன்று. நாம் கொடுத்த பணத்தில் ஒரு சிறு பகுதி வேறு உருவில் திரும்பி வருவதே ஆகும்.

ஆனால், இதில் ஒரு வேறுபாட்டை நாம் உணர வேண்டும். வங்கியில் போட்ட பணத்தின் அளவை வங்கி தன் விருப்பப்படி குறைக்க முடியாது. புள்ளியின் மதிப்பையோ, அதனை வழங்கிய குழுமமே முடிவு செய்கிறது. முன்பெல்லாம் இன்ன தர விடுதிக்கு இத்தனை புள்ளிகள் என்று நிலையான பட்டியல் இருந்தது. ஹில்டன் 2017இலும், மேரியட் 2022 மார்ச்சிலும் அத்தகைய பட்டியலைக் கைவிட்டன. அதன்பின், அறை வாடகை ஏறும்போது கேட்கப்படும் புள்ளிகளும் ஏறுகின்றன. பயன்படுத்தாத புள்ளிகள் காலாவதி ஆவதும் உண்டு. கணக்கில் எந்த நடவடிக்கையும் இல்லாவிட்டால், மேரியட் திட்டத்தில் 24 மாதங்களிலும், ஐ.எச்.ஜி. திட்டத்தின் தொடக்கநிலை உறுப்பினருக்கு 12 மாதங்களிலும் புள்ளிகள் அழிந்துவிடும். எனவே, பிள்ளைகளின் திருமணத்திற்கு நகை சேர்ப்பதுபோல் புள்ளிகளைப் பல்லாண்டுகள் சேர்த்து வைப்பது அறிவுடைமை ஆகாது.

இனி, கணக்கிற்கு வருவோம். கோலாலம்பூரில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கணக்கில் 50,000 புள்ளிகள் உள்ளன. சிங்கப்பூருக்குத் தனியாகச் சென்று இரண்டு இரவுகள் தங்க விரும்புகிறார். அவர் பார்த்த ஒரு விடுதியில், சனிக்கிழமை இரவுக்கு அறை வாடகை 200 சிங்கப்பூர் வெள்ளி. புள்ளிகளாகக் கொடுத்தால் 24,000. இந்த எண்கள் விளக்கத்திற்காக நாம் எடுத்துக்கொண்டவை.

200 வெள்ளியை 24,000ஆல் வகுத்துவிடலாமா? கூடாது. சிங்கப்பூரில் பல விடுதிகள் விளம்பரப்படுத்தும் வாடகைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். ஒன்று பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். மற்றது பொருள் சேவை வரி. அந்த வரி 2024 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒன்பது விழுக்காடாகும். 200 வெள்ளியோடு சேவைக் கட்டணம் 20 வெள்ளியைச் சேர்த்தால் 220 வெள்ளி. அதற்கு ஒன்பது விழுக்காடு வரி 19 வெள்ளி 80 காசு. ஆக மொத்தம் 239 வெள்ளி 80 காசு. இதுவே கையிலிருந்து போகும் உண்மையான தொகை. இதனை 24,000ஆல் வகுத்தால், ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ ஒரு காசு மதிப்புக் கிடைக்கிறது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு வாடகை 150 வெள்ளிதான். ஆனால் புள்ளிகள் அதே 24,000 என்று கொள்வோம். சேவைக் கட்டணமும் வரியும் சேர்த்து 179 வெள்ளி 85 காசு ஆகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு புள்ளிக்கு முக்கால் காசுதான். எனவே, சனிக்கிழமைக்குப் புள்ளிகளையும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பணத்தையும் கொடுத்தால் ஆதாயம் கூடும். பணம் கொடுத்துத் தங்கும் இரவுக்குப் புதிய புள்ளிகளும் சேரும். புள்ளி கொடுத்துத் தங்கும் இரவின் வாடகைக்கு அவை சேர்வதில்லை.

மலேசியாவில் இதே கணக்கைப் போடுவோர், தங்குமிடத்திற்கான சேவை வரி 2024 மார்ச் முதல் எட்டு விழுக்காடாக உயர்ந்ததை நினைவிற்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளிடம் 2017 முதல் ஓர் அறைக்கு ஓர் இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரியும் பெறப்படுகிறது.

நேயர்களே, இந்தக் கணக்கில் இன்னொரு படி இருக்கிறது. பெரும்பாலோர் அதனை மறந்துவிடுகிறார்கள். அந்த ஆசிரியை, புள்ளிகள் இல்லாவிட்டால் 239 வெள்ளி கொடுத்து அந்த விடுதியில் தங்குவாரா? மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். எல்லாக் கட்டணமும் சேர்த்து 120 வெள்ளிக்குக் கிடைக்கும் எளிய அறையையே தேர்ந்தெடுப்பார். அப்படியானால், அந்த 24,000 புள்ளிகள் அவருக்கு மிச்சப்படுத்துவது 120 வெள்ளியே. ஒரு புள்ளிக்கு அரைக் காசு! விடுதியின் விலைப்பட்டியல் சொல்லும் மதிப்பு வேறு. நம் பணப்பைக்குரிய மதிப்பு வேறு. மிச்சமாகும் அரைக் காசோடு, நல்ல இடமும் பாதுகாப்பும் மன அமைதியும் கிடைக்கின்றனவா என்று பார்த்து அவர் முடிவு செய்யலாம். ஆனால், பெருந்தொகையை மிச்சப்படுத்திவிட்டதாக எண்ணி, அந்தத் துணிவில் கடைத்தெருவில் கூடுதலாகச் செலவழித்தால் அது தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

தனியாகச் செல்பவருக்கு உரிய சில செய்திகளை அடுத்துக் காண்போம். அறைக்குத்தான் புள்ளி, ஆளுக்கன்று. இருவர் தங்கும் அறையில் ஒருவர் தங்கினாலும் பெரும்பாலும் அதே புள்ளிகளைத்தான் கொடுக்க வேண்டும். வாடகை வண்டிக் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளவும் துணை இல்லை. ஆகவே, தனியாகச் செல்பவர் அறையின் பரப்பையோ நீச்சல் குளத்தையோ பார்ப்பதைவிட, விடுதி அமைந்துள்ள இடத்தைப் பார்ப்பதே சிறந்தது. ஆடம்பர விடுதியில் ஓர் இரவு தங்குவதைக் காட்டிலும், ரயில் நிலையத்தின் அருகே உள்ள நடுத்தர விடுதியில் இரண்டு இரவுகள் தங்குவது பயன் தரும்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள எம்.ஆர்.டி. நிலையத்தில் இரண்டு ரயில் தடங்கள் சந்திக்கின்றன. தேக்கா நிலையத்தின் உணவுக் கடைகளுக்கும், வீரமாகாளியம்மன் கோவிலுக்கும், 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்திற்கும் நடந்தே சென்றுவிடலாம். ரயிலில் ஏறினால் ஒரு தடத்தில் மூன்றாவது நிலையம் சைனாடவுன். அங்கே 1827இல் தோன்றிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. மற்றொரு தடத்தில் இரண்டாவது நிலையம் பூகிஸ். அதனருகே விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம் இருக்கிறது. இத்தகைய வட்டாரத்தில் தங்குபவருக்கு வாடகை வண்டியே தேவைப்படாது.

காலை உணவும் அவ்வாறே. புள்ளிகள் கொடுத்துப் பதிவு செய்யும் அறைக்குப் பெரும்பாலும் காலை உணவு சேராது. விடுதியில் உண்டால் செலவு கூடும். தேக்காவில் இரண்டு தோசையும் ஒரு தே தாரேக்கும் சாப்பிட்டால், வயிறும் நிறையும்; பணப்பையும் இளைக்காது.

மேரியட் குழுமத்தில் புள்ளிகளைக் கொண்டு தொடர்ந்து ஐந்து இரவுகள் தங்கினால், நான்கு இரவுக்கான புள்ளிகள் போதும் என்ற சலுகை உண்டு. இரண்டு இரவு தங்குபவருக்கு இதனால் பயனில்லை. சலுகை இருக்கிறதே என்பதற்காகப் பயணத்தை நீட்டினால், உணவுக்கும் போக்குவரத்திற்கும் ஆகும் செலவு அந்தச் சலுகையை விழுங்கிவிடும்.

பதிவு செய்யும் முறையிலும் கவனம் தேவை. புள்ளிகளை அந்தந்தக் குழுமத்தின் சொந்தத் தளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ பயன்படுத்த வேண்டும். பணம் கொடுத்துத் தங்கும் இரவையும் அங்கேயே பதிவு செய்வது நல்லது. இடைத்தரகுத் தளங்களின் வழி பதிவு செய்தால் பொதுவாகப் புள்ளிகள் சேர்வதில்லை. எந்த நாள்வரை ரத்து செய்தால் புள்ளிகள் முழுமையாகத் திரும்பக் கிடைக்கும் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்றாலும், விடுதியில் முன்பணம் கேட்பதுண்டு. அது புறப்படும்போது திருப்பித் தரப்படும். அதற்கென்று சிறிது பணத்தையோ கடன் அட்டையையோ வைத்திருப்பது அவசியம்.

பெண்கள் தனியே தங்கும்போது இன்னும் சிலவற்றை நினைவிற்கொள்ளலாம். விடுதியில் பதிவு செய்யும் ஊழியர் அறை எண்ணைப் பிறர் காதில் விழும்படி சொல்லிவிட்டால், தயங்காமல் வேறு அறை கேளுங்கள். அறைக்குள் சென்றதும் உள்தாழ்ப்பாளைச் சரிபார்த்து, தீக்கால வெளியேறும் வழி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். விடுதியின் பெயரையும் திரும்பும் நாளையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கடன் அட்டையின் புள்ளிகளை விடுதிப் புள்ளிகளாக மாற்றும் வசதியைப் பல வங்கிகள் தருகின்றன. ஒருமுறை மாற்றிவிட்டால் பொதுவாக அவற்றைத் திரும்பப் பெற இயலாது. அறை இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்ற வேண்டும். அதைவிட முக்கியமானது, புள்ளிக்காகச் செலவு செய்யக்கூடாது என்பது. அக்கோர் குழுமத்தின் திட்டத்தைப் பாருங்கள். தொடக்கநிலை உறுப்பினர் நோவோட்டல் போன்ற விடுதிகளில் 10 யூரோ செலவிட்டால் 25 புள்ளிகள் பெறுகிறார். 2,000 புள்ளிகளுக்கு 40 யூரோ கழிவு. அதாவது, 800 யூரோ செலவிட்டவருக்கு 40 யூரோ திரும்புகிறது. இது ஐந்து விழுக்காடு. மலேசியாவில் கடன் அட்டைப் பாக்கிக்கு ஆண்டு வட்டி 15 முதல் 18 விழுக்காடு. ஐந்து கிடைக்கிறதே என்று பதினெட்டைக் கொடுப்பவர், வெகுமதி பெறவில்லை. வெகுமதியை விலைக்கு வாங்குகிறார்.

ஆகவே, நேயர்களே, கணக்கில் எத்தனை புள்ளிகள் உள்ளன, அவை எப்போது காலாவதி ஆகும் என்பதை இவ்வாரமே பாருங்கள். சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்த வாடகையைப் புள்ளிகளால் வகுத்துப் பாருங்கள். புள்ளி இல்லாவிட்டால் எவ்வளவு கொடுத்திருப்போம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கிற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

தனியாகப் போய் ஊர் பார்ப்பது நமக்குத் தகுமா என்று தயங்குவோர் நம்மிடையே உண்டு. குறிப்பாக, குடும்பத்திற்காகவே உழைத்துப் பழகிய தாய்மார்கள் தங்களுக்கென்று இரண்டு நாள் எடுத்துக்கொள்வதைக்கூடக் குற்றமாக நினைக்கிறார்கள். உழைப்பின் வழியே வந்த புள்ளிகள், எவருக்கும் பயன்படாமல் ஒருநாள் அழிந்துபோவதைவிட, உழைத்தவரின் ஓய்விற்குப் பயன்படுவது முறையல்லவா? அளந்து செலவிடுங்கள், ஆனால், செலவிடுங்கள்.