செங்குழியத்தைக் காக்கும் நொதியம்

ஊவா மாகாணம் இருவேறு நிலங்களை ஒருங்கே உடையது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளில் தேயிலையும் குளிரும். மகியங்கனை, மொனராகலை, வெல்லவாயப் பகுதிகளில் வறட்சியும் வெம்மையும். உயர்ந்த தோட்டங்களில் அரிதாயிருந்த மலேரியா, தாழ்நிலங்களில் நெடுங்காலம் குடிகொண்டிருந்தது. ஆறு வற்றுங்கால் எஞ்சும் குட்டைகளிலே அந்நோயைப் பரப்பும் நுளம்பு பெருகியது. கதிர்காமத்து ஆடித் திருவிழாவிற்குத் தோட்டத்து மக்கள் இறங்கிச் சென்றதும் இத்தாழ்நிலத்தின் வழியாகவே.

இலங்கையில் 1963ஆம் ஆண்டில் 17 நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்ததென்று எண்ணிக் காவல் தளர்ந்தது. 1968–69இல் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். உள்நாட்டுத் தொற்று 2012இல் நின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் சான்றிதழ் வழங்கிற்று.

விவாக்சு என்னும் மலேரியாக் கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து மீண்டும் எழும் இயல்பினது. உறங்கும் கிருமியை அழிக்கவல்லது பிறிமாக்குயின். எனினும், சிலர் இம்மருந்தை உட்கொண்டவுடன் அவர்தம் செங்குழியங்கள் சிதைகின்றன. சிறுநீர் பால் கலவாத தேநீர்போற் கறுக்கிறது. இதன் காரணம் அமெரிக்காவில் சிறைக்கைதிகளிடம் நடந்த சோதனைகளின் வழியே, 1956இல் வெளியாயிற்று. அவ்வறிவு யாருடைய உடலில் ஈட்டப்பட்டது என்பதைப் பாடநூல்கள் சொல்லாமற் கடந்துபோதல் முறையன்று.

காரணம் ஒரு நொதியத்தின் குறைபாடு. குளுக்கோசு-6-பொசுபேற்று ஐதரசனகற்றி என்பது அதன் முழுப்பெயர். ஜீ6பீடீ என்பது சுருக்கம். செங்குழியத்துக்குக் கருவும் இல்லை, இழைமணியும் இல்லை. ஒட்சியேற்றத்தால் நேரும் சேதத்தைத் தடுக்கும் குளுத்தாதயோனைப் புதுப்பிக்க வேண்டிய என்.ஏ.டீ.பீ.எச். என்னும் பொருளை அது இந்நொதியத்தின் வழியாகவே பெறுகிறது. நொதியம் நலிந்தவிடத்து, மருந்தின் தாக்குதலைச் செங்குழியம் தாங்கமாட்டாது. இதற்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருத்தலின், அத்தகைய நிறமூர்த்தம் ஒன்றேயுடைய ஆண்களிடம் குறைபாடு மிகுதியாக வெளிப்படும். உலகில் ஏறக்குறைய 40 கோடிப் பேர் இதனை உடையர்.

இந்நொதியத்தை ஆராய விரும்புவோர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பின் கிடைப்பது மிகச் சிறிதே. எனவே, அதன் பரம்பரையலகின் அமைப்பு 1986இல் அறியப்பட்டபின் வேறு வழி பிறந்தது. மனித உயிரணுவின் தூது ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டீ.என்.ஏ. நகல் ஒன்று எழுதப்படும். மனிதப் பரம்பரையலகின் இடைத்துண்டுகளை நீக்கும் திறன் பற்றீரியாவுக்கு இன்மையின், மூலத்தை விட்டு நகலையே கொள்வர். அது வளைய வடிவான டீ.என்.ஏ. ஒன்றில் இணைக்கப்பட்டு, எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியாவுட் செலுத்தப்படும். அப்பற்றீரியாவிடமும் இதே தொழில் புரியும் சொந்த நொதியம் உண்டு. அது கலந்தால் அளவீடு பிழைக்கும். ஆதலின் அந்நொதியத்தை இழந்த இனத்தைத் தெரிந்தெடுப்பது நன்று. நகலின் ஒரு முனையில் ஆறு இசுத்திடீன்களைச் சேர்த்துவிட்டால், நிக்கல் ஏற்றிய தூணில் அவை ஒட்டிக்கொள்ளும். ஏனைப் புரதங்கள் கழுவுண்டுபோம். 515 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் இவ்வாறு தூய்மையாகக் கைவரும். மனித நொதியம் என்னும் பெயரால் மனிதரிடமிருந்து எடுக்கப்பட்டதென மயங்கற்க. ஆய்வுகூடத்திற்கெனச் செய்யப்படுவதாகலின் மருந்தாக வழங்கவும் தகாது.

நோயாளரைத் தேடாமலே குறைபாட்டு வகைகளை உருவாக்கலாம் என்பதே இம்முறையின் பெரும்பயன். 188ஆம் இடத்துச் செரீன் பீனைலலனீனாக மாறின் அது மத்தியதரைக்கடல் வகை. 44ஆம் இடத்து அலனீன் கிளைசீனாக மாறின், இந்தியப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்ட ஒறிசா வகை. ஓரெழுத்தை மாற்றி, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாகத் தொழிற்படுகிறது, எவ்வெப்பத்திற் குலைகிறது என அளக்கலாகும். நலிந்த நொதியத்தை ஊக்கும் ஏஜீ1 என்னும் சிறுமூலக்கூறு 2018இல் அமெரிக்க ஆய்வாளரால் அறிவிக்கப்பட்டது. அஃது இன்னும் மருந்தாகவில்லை.

நோய் ஒழிந்த நாட்டிலும் இவ்வறிவுக்குத் தேவையுண்டு. அயல்நாடு சென்று மீள்வோர் விவாக்சு மலேரியாவுடன் வருதல் கூடும். அவர்க்கு நாள்தோறும் 14 நாள் பிறிமாக்குயின் கொடுக்குமுன் நொதியத்தை அளந்தறிதல் வேண்டும். குறைபாடுடையார்க்கு வாரத்துக்கு ஒரு முறையாக எட்டு வாரம் கொடுத்து, இரத்தத்தை மருத்துவர் கண்காணிப்பர். இரு எக்ஸ் நிறமூர்த்தங்களுள் ஒன்றில் மட்டும் குறைபாடுடைய பெண்களை எளிய சோதனைகள் தவறவிடக்கூடும் என்பது, இன்றும் மருத்துவரை அலைக்கழிக்கும் சிக்கல்.