தனிமைச் சிறையும் தண்டனையின் நோக்கமும்

குற்றம் புரிந்தோரை ஒறுத்தல் அரசின் கடமைகளுள் ஒன்று. ஆயின், ஒறுத்தலின் நோக்கம் யாது என்னும் வினாவுக்கு எல்லாக் காலத்தவரும் ஒரே விடை கூறினாரல்லர். குற்றவாளியை வருத்துதலே நோக்கம் என்பர் ஒரு சாரார். அவனைத் திருத்துதலே நோக்கம் என்பர் மற்றொரு சாரார். சமுதாயத்தைக் காத்தலே நோக்கம் என்பர் வேறு சிலர். ஒரு கைதியைப் பிற மனிதர் முகம் காணாவண்ணம் தனியறையில் அடைத்து வைக்கும் தனிமைச் சிறை, இம்மூன்று நோக்கங்களின் பெயராலும் வெவ்வேறு காலங்களில் ஆதரிக்கப்பட்டு வந்துள்ளது. எனினும், இதனை ஒரு பெரும் முறையாக வளர்த்தோர் கொடியோர் அல்லர். இரக்கமுடையோரே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த மறியற்சாலைகள் பல, நோயும் ஒழுக்கக்கேடும் மலிந்த இடங்களாக விளங்கின. கொலைஞனும் கடனாளியும் ஒரே கூடத்தில் அடைபட்டிருந்தனர். சிறு களவு செய்து உள்ளே சென்றவன் பெருங்கள்வரிடம் பாடம் கற்று வெளியே வந்தான். இந்நிலையை மாற்றும்பொருட்டு 1787ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரில் ஒரு சங்கம் தோன்றியது. குவேக்கர் என்னும் கிறித்தவ சமயப் பிரிவினர் பலர் அதில் இடம்பெற்றனர். தனித்திருப்பவன் தன் நெஞ்சோடு தானே உசாவித் தன் பிழையை உணர்வான் என்பது அவர்தம் நம்பிக்கை. தூக்குமரமும் கசையடியும் மலிந்திருந்த காலத்தில் இஃது ஓர் அருட்செயலாகவே தோன்றியது. 1790இல் அந்நகரின் வால்நட் தெருச் சிறையில் 16 தனியறைகள் அமைக்கப்பட்டன. 1829இல், ஜோன் ஹவிலண்ட் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி, கிழக்கு மாநிலச் சிறை என்னும் பெருங்கட்டடம் திறக்கப்பட்டது. அங்கே ஒவ்வொரு கைதிக்கும் தனியறையும், அதனை அடுத்து உயர்ந்த மதில் சூழ்ந்த சிறு முற்றமும் இருந்தன. கூரையிலிருந்த சிறு துளை வழியே ஒளி வந்தது. அறையை விட்டு வெளியே கொண்டுசெல்லப்படும்போது, பிறர் முகம் காணாதிருக்கும்பொருட்டு அவனுடைய தலை மூடப்பட்டது.

இச்சிறை திறக்கப்படுவதற்கு முன்னரே, தனிமையின் விளைவு நியூயோர்க் மாநிலத்து ஓபேர்ண் சிறையில் வெளிப்பட்டிருந்தது. அங்கே 1821இல் ஏறத்தாழ 80 கைதிகள் வேலையுமின்றித் துணையுமின்றித் தனியறைகளில் அடைக்கப்பட்டனர். பிரான்சிலிருந்து அமெரிக்கச் சிறைகளை ஆராயச் சென்ற போமோன், தொக்கவில் ஆகிய இருவரும் 1833இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தனர். ஓராண்டினுள் ஐவர் இறந்தனர் என்றும், ஒருவர் சித்தம் கலங்கினார் என்றும், இறுதியில் ஆளுநர் 26 பேருக்கு மன்னிப்பளித்து விடுவித்தார் என்றும் அவர்கள் எழுதினர். விடுவிக்கப்பட்டோருள் 14 பேர் மீண்டும் குற்றம் புரிந்து சிறைக்குத் திரும்பினர் என்பதையும் அவர்கள் குறித்துள்ளனர். எனவே, அம்முறை உயிரையும் காக்கவில்லை, ஒழுக்கத்தையும் திருத்தவில்லை. பின்னர் ஓபேர்ண் சிறையார், கைதிகள் பகலில் ஒருங்கிருந்து பேசாது வேலை செய்து, இரவில் மட்டும் தனித்துறங்கும் முறையைக் கைக்கொண்டனர்.

பிலடெல்பியா முறையோ கடல் கடந்தும் பரவியது. 1842இல் இலண்டனில் பென்ரன்வில் சிறை அம்மாதிரியிலே திறக்கப்பட்டது. முதலில் 18 மாதமாக இருந்த தனிமைக் காலம் அங்கே பின்னர் 9 மாதமாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் பிலடெல்பியாச் சிறையைப் பார்வையிட்ட நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ், அதனை நடத்துவோரின் நல்லெண்ணத்தை ஐயுறவில்லை. ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத இவ்வுளத்துன்பம் உடலை வருத்தும் எந்தச் சித்திரவதையினும் கொடிது எனக் கண்டித்தார். 1890இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் மெட்லி என்பவரின் வழக்கில், தனிமையால் பலர் அறிவு மயங்கினர், சிலர் பித்தராயினர், சிலர் தற்கொலை செய்தனர், எஞ்சியோரும் திருந்தினாரல்லர் எனக் கூறியது. கிழக்கு மாநிலச் சிறையில் 1913இல் தனிமை முறை கைவிடப்பட்டது.

இவ்வாறு தோற்றுப்போன முறை, எழுபதாண்டுகளின் பின்னர் வேறொரு நியாயத்துடன் மீண்டும் தலையெடுத்தது. 1983இல் இலினோய் மாநிலத்து மரியன் சிறையில் ஒரே நாளில் இரு காவலர் கொல்லப்பட்டனர். அதன்பின் அச்சிறை முழுவதும் நிலையாகப் பூட்டப்பட்டது. 1989இல் கலிபோர்னியாவில் பெலிக்கன் பே சிறையும், 1994இல் கொலராடோவில் புளோரன்ஸ் சிறையும் இந்நோக்குடனே திறக்கப்பட்டன. இங்கே திருந்துதல் என்னும் பேச்சு அருகியது. பாதுகாப்பு என்பதே பெருகியது. நாளொன்றுக்கு 22 அல்லது 23 மணி நேரம் கைதி அறையிலேயே கிடந்தான்.

இதனை ஆதரிப்போர் கூறும் நியாயங்களை எளிதில் ஒதுக்குதல் தகாது. காவலரும் ஏனைக் கைதிகளும் உயிரச்சமின்றி வாழ உரிமையுடையர். சிறைக்குள்ளிருந்தே குற்றக் கூட்டங்களை இயக்குவோரைப் பிரித்து வைத்தல் வேண்டும். பிறரால் தாக்கப்படக்கூடிய மெலியோரையும் காத்தல் வேண்டும். அன்றியும், கொலராடோவில் நடைபெற்று 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஓராண்டுத் தனிமையால் பெரும்பாலோரின் உளநிலை எதிர்பார்த்த அளவுக்குச் சீர்குலையவில்லை எனக் கூறிற்று. அவ்வாய்வின் முறையை வேறு அறிஞர் பலர் மறுத்தனர். இதற்கு முன்னரே, 1983இல் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கைதிகள் 14 பேரை ஆராய்ந்த உளமருத்துவர் ஸ்டுவாட் கிராசியன், சிற்றொலியும் பொறுக்கவியலாமை, இல்லாத குரல் கேட்டல், சிந்தனைக் குழப்பம் முதலியவற்றை அவர்களிடம் கண்டார்.

பாதுகாப்பு என்னும் நியாயத்தையும் நிகழ்ச்சிகள் கொண்டே அளத்தல் வேண்டும். மரியனிற் காவலரைக் கொன்ற இருவரும் முன்னரே தனிப்பிரிவில் வைக்கப்பட்டிருந்தோராவர். 2013இல் கொலராடோ மாநிலச் சிறைத்துறைத் தலைவர் தொம் கிளெமென்ற்ஸ் தம் வீட்டு வாயிலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றவனாகக் கருதப்படுபவன், நெடுங்காலம் தனியறையில் இருந்து, அங்கிருந்து நேரே தெருவுக்கு விடப்பட்டு இரண்டு மாதங்கூட நிறையாதவன். கொல்லப்பட்டவரோ அத்தனிமை முறையைக் குறைக்க முயன்றவர். அவருக்குப்பின் பதவியேற்றவர் 2014இல் தாமே ஒரு தனியறையில் 20 மணி நேரம் தங்கிப் பார்த்தார். 2017இல் அம்மாநிலம் தனிமைச் சிறைக்கு 15 நாள் எல்லை வகுத்தது.

எல்லை வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. பிரித்தானியர் 1860இல் இந்தியாவுக்கு வகுத்த தண்டனைச் சட்டக்கோவையே, நீதிமன்றம் விதிக்கும் தனிமைச் சிறை ஒரு தடவையில் 14 நாளுக்கும், மொத்தத்தில் மூன்று மாதத்துக்கும் மேற்படலாகாது என விதித்தது. 2015இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, நெல்சன் மண்டேலாவின் பெயர் தாங்கிய விதிகள், தொடர்ந்து 15 நாளுக்கு மேற்பட்ட தனிமைச் சிறையைத் தடைசெய்கின்றன. அதற்குட்பட்டதும் இறுதி வழியாகவே, சுதந்திரமான மீளாய்வுக்கு உட்பட்டே, கையாளப்படல் வேண்டும் என்கின்றன. எனினும் இவ்விதிகள் நாடுகளைச் சட்டத்தாற் பிணிப்பனவல்ல.

பிலடெல்பியாவிற் கூடிய நல்லோரின் வரலாறு புகட்டும் பாடம் ஒன்றுண்டு. ஒரு தண்டனையை அதனை வகுத்தோரின் எண்ணங்கொண்டு மதிப்பிடலாகாது. அதனை அனுபவித்தவன் எந்நிலையில் மீள்கிறான் என்பது கொண்டே மதிப்பிடல் வேண்டும். சிறைப்பட்டோருட் பெரும்பாலோர் என்றோ ஒரு நாள் ஊருக்குத் திரும்புவோரே. மனிதரோடு கூடி வாழத் தவறியவனை, மனிதரே இல்லாத அறையில் வைத்துக் கூடிவாழக் கற்பிக்க இயலுமா என்பதே இவ்விவாதத்தின் உயிர்நாடியான வினா. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓபேர்ணில் விடுவிக்கப்பட்டுத் திரும்பி வந்த பதினால்வர் அவ்வினாவுக்கு ஒரு விடை அளித்துச் சென்றனர்.