வாயில் உலோகம், காதில் போன்

கடைவாய்ப் பல்லுக்கு உலோகக் கேப் போட்டவர்களுக்கும், பிள்ளையின் பல்லுக்குக் கிளிப் மாட்டிய பெற்றோருக்கும் ஒரு சந்தேகம் வரும். அந்த உலோகம் போன் கதிர்வீச்சை இழுத்துத் தலைக்குள் சேர்த்துவிடுமோ? இழுக்காது. போன் எவ்வளவு அனுப்புகிறதோ அவ்வளவுதான். பல்லில் உள்ள உலோகம் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. ஆனால், வந்து சேரும் ஆற்றல் எந்த இடத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை அது கொஞ்சம் மாற்றும்.

ரேடியோ அலை பட்டதும் உலோகத்தில் உள்ள எலக்ட்ரான்கள் அதற்கேற்ப முன்னும் பின்னும் ஓடுகின்றன. அதனால் உலோகத்தின் முனையிலும் விளிம்பிலும் மின்புலம் குவிகிறது. அங்கே ஒட்டியிருக்கும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் நீர் நிறைந்தவை என்பதால் சற்றுக் கூடுதலாக உறிஞ்சும்.

எவ்வளவு கூடுதல் என்பதைப் பெரும்பாலும் நீளம்தான் தீர்மானிக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் சுமார் 33 செ.மீ. ஈரமான திசுவுக்குள் அது ஏறக்குறைய 5 செ.மீ. ஆகச் சுருங்கும். உலோகத்தின் நீளம் அதில் பாதியை நெருங்கினால், அது சிறு ஆண்டெனாபோல நடந்துகொள்ளும். பல் குழியை அடைக்கும் சில மில்லிமீட்டர் உலோக அடைப்புக்கு அந்த நீளம் கிடையாது. 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளமும் பாதியாகிவிடுவதால், ஒரு செ.மீ. கேப்பும் ஓரளவு கணக்கில் வரும். பல பற்களை இணைக்கும் பிரிட்ஜும் வரிசை முழுக்க வளைந்து ஓடும் கிளிப் கம்பியும்தான் கூடுதல் கவனத்துக்குரியவை. பல போன்களில் முக்கிய ஆண்டெனா கீழ் விளிம்பில், பேசும்போது தாடைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உடல் உறிஞ்சும் அளவை எஸ்.ஏ.ஆர். என்பார்கள். இந்தியாவில் 2012 செப்டம்பரிலிருந்து, ஒரு கிராம் திசுவின் சராசரியாக, கிலோவுக்கு 1.6 வாட் என்பதே வரம்பு. கம்பி முனையில் ஒரு புள்ளியில் அளவு ஏறினாலும், ஒரு கிராமுக்குச் சராசரி பார்க்கும்போது அந்த ஏற்றம் பெரிதும் கரைந்துவிடும். திசு உறிஞ்சுவது வெப்பமாகிறது. அதையும் ஈறில் ஓடும் ரத்தம் தொடர்ந்து எடுத்துச் சென்றுவிடும்.

போன் இந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நடப்பது திரவம் நிரப்பிய பிளாஸ்டிக் தலையில். அதற்குப் பல்லே இல்லை, கிளிப்புக்கு எங்கே போவது? கிளிப் போட்ட இத்தனை பிள்ளைகள் போன் பேசும் காலத்தில் இது நிரப்பப்பட வேண்டிய குறை என்றே நினைக்கிறேன். ஆனால் சோதனையில் போனை முழு வீச்சில் இயக்குவார்கள். நல்ல சிக்னல் உள்ள இடத்தில் நாம் பேசும்போது அது அதைவிட மிகக் குறைவாகவே அனுப்புகிறது.

பழைய வெள்ளி அடைப்பின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். போன் பேசினால் அது கூடுதலாகக் கசியுமா என்று சில சிறிய ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அவற்றை நம்பி, நன்றாக இருக்கும் அடைப்பைப் பிடுங்கக் கூடாது. துளைத்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும்.

கிளிப்பைக் கழற்ற வேண்டாம், போனைத் தள்ளிப் பிடித்தால் போதும். சில செ.மீ. விலகினாலே உறிஞ்சும் அளவு வெகுவாகக் குறையும். லிஃப்டிலும் ஓடும் ரயிலிலும் சிக்னல் மெலியும்போது போன் தன் வீச்சைக் கூட்டும். அங்கே நீண்ட பேச்சைத் தவிர்க்கலாம், இல்லாவிட்டால் ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசலாம். உங்கள் போனின் எஸ்.ஏ.ஆர். அளவைத் தெரிந்துகொள்ள *#07# என்று அழுத்திப் பாருங்கள்.