கூரையடி வெப்பக்காப்பு

கூரையடி வெப்பக்காப்பு என்பது சாய்கூரைக்கும் அதன் கீழுள்ள அறைகளின் உட்கூரைக்கும் இடைப்பட்ட வெளியில், வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளைப் பரப்பும் முறையாகும். கனடா, வட அமெரிக்க மாநிலங்கள் போன்ற குளிர்ப் பகுதிகளில் இது இன்றியமையாதது. காப்பு குறைந்தால் வீட்டின் வெப்பம் மேலே சென்று வீணாகும். கூரைமேல் படிந்த பனி உருகி, இறவாரத்தில் மீண்டும் உறைந்து, நீரைத் தேக்கி வீட்டுக்குள் கசியச் செய்யும்.

ஆர்-மதிப்பு

ஒரு பொருள் வெப்ப ஓட்டத்தை எந்த அளவு தடுக்கிறது என்பதை ஆர்-மதிப்பு காட்டுகிறது. அமெரிக்காவின் குளிர் மிகுந்த பகுதிகளுக்கு ஆர்-49 முதல் ஆர்-60 வரை பரிந்துரைக்கப்படுகிறது.

பொருள்கள்

• கண்ணாடி இழை: விலை குறைவு. பாய்களாகவோ உதிரியாகவோ கிடைக்கும். பாய் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-3 தரும். அழுத்தினாலோ இடைவெளி விட்டாலோ பயன் குறையும்.
• செல்லுலோசு: பழைய செய்தித்தாளை அரைத்து, தீயைத் தடுக்கப் போரான் சேர்மங்கள் கலந்து செய்யப்படுவது. அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-3.5. எனவே ஆர்-49 பெற 14 அங்குலம் தேவை. நாளடைவில் சற்றுப் படியும், நனையக் கூடாது.
• கனிமக் கம்பளி: பாறையையும் உலைக்கசடையும் உருக்கிச் செய்யப்படுவது. எளிதில் தீப்பற்றாது.
• தெளிப்பு நுரை: இதன் மூடிய கண்ணறை வகை அங்குலத்துக்கு ஆர்-6க்கு மேல் தந்து, காற்றுக்கசிவையும் அடைக்கும். விலை அதிகம், பயிற்சி பெற்றவர்களே தெளிக்க வேண்டும்.

தேர்வுக்கு முன்

ஆர்-மதிப்பு மட்டும் தேர்வைத் தீர்மானிப்பதில்லை. குழாய், மின்கம்பி, புகைபோக்கி ஆகியவற்றைச் சுற்றியுள்ள இடைவெளிகளை முதலில் அடைக்க வேண்டும். புகைபோக்கியைச் சுற்றி எரியாத பொருளையே பயன்படுத்த வேண்டும். காற்று கசிந்தால் எவ்வளவு தடித்த காப்பும் முழுப் பயன் தராது. கூரை ஒழுகினால் அதைச் சரிசெய்த பின்பே காப்பிட வேண்டும். இறவாரக் காற்றுத் துளைகளைக் காப்புப் பொருள் மூடினால் ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும்.

பழைய வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் காப்பையும் அறிய வேண்டும். மொன்டானா மாநிலத்தின் லிபி ஊருக்கருகே 1990 வரை இயங்கிய சுரங்கத்தின் வெர்மிகுலைட்டில் கல்நார் கலந்திருந்தது. அது சோனோலைட் என்ற பெயரில் பல வீடுகளின் கூரையடியில் கொட்டப்பட்டது. கல்நார் இழைகளைச் சுவாசிப்பது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். ஆகவே, பளபளப்பான பழுப்பு அல்லது வெள்ளிநிறக் கூழாங்கல் போன்ற உதிரிக் காப்பு தென்பட்டால், அதைக் கிளறாமல் வல்லுநரை அழைப்பதே பாதுகாப்பானது. அதன்பின்னரே புதிய பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.