தட்டைப்பயறும் சோறும்

லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தட்டைப்பயற்றுச் சோற்றைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. சிலர் காராமணி என்பார்கள். கோயம்புத்தூர், சேலம் பக்கத்துப் பூர்வீகம் உள்ள குடும்பங்களில் அது தட்டாம்பயறு. தஞ்சோங் காராங் பாசாரில் மலாய்க்கார அம்மாவிடம் கேட்டால் ‘காச்சாங் மாத்தா ஹீத்தாம்’, அதாவது கறுப்புக் கண் பயறு என்று பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். பெயர் எதுவானாலும் பண்டம் ஒன்றுதான். ஆனால் கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் வட்டாரங்களில் சங்க வேலையாக வீடு வீடாகப் போகும்போது நான் காண்பது வேறு. ஒரு தட்டு நிறைய வெள்ளைச் சோறு, அதன் மேல் ஒரு கரண்டி குழம்பு, ஓரத்தில் கொஞ்சம் நெத்திலி. பயறு மட்டும் கண்ணில் படுவதில்லை.

“சங்கத்துக்காரர் சம்பளத்தப் பேசாம சமையலப் பேச வந்துட்டீங்களா தம்பி?” என்று ஓர் அக்கா கேட்டே விட்டார். சம்பளப் பேச்சும் சாப்பாட்டுப் பேச்சும் எந்தக் காலத்தில் வேறு வேறாக இருந்தன? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது, உண்மைதான். ஆனால் 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏறியதும், உள்ளூர் அரிசி கடைகளில் கிடைக்காமல் போனதும் எந்தத் தாய்க்கு மறக்கும்? 1930களில் சதுப்பு நிலத்தைத் திருத்தி உண்டாக்கிய தஞ்சோங் காராங் வயல்கள் நம் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே பச்சைப் பசேலென்று கிடக்கின்றன. அந்த வயலோரத்தில் குடியிருந்துகொண்டு அரிசிக்குக் கடை கடையாக அலைந்தோம்!

அரிசி விலை ஒரு பக்கம். அரிசியை மட்டுமே தின்பதால் வரும் வினை இன்னொரு பக்கம். 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு! கால் விரலை எடுத்தவர், முழங்காலுக்குக் கீழே எடுத்தவர், வாரம் மூன்று தடவை இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர் என்று எல்லாத் தோட்டத்திலும் நமக்குத் தெரிந்த முகங்கள் உண்டு. செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்குக் கால் போனால் அவன் பிழைப்பே போயிற்று.

பயறு மருந்தல்ல. பயறு தின்றால் இனிப்பு நீர் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் தட்டிலே சோற்றைப் பாதியாக்கி, மீதிப் பாதியில் பயற்றை வைத்தால் சர்க்கரை இரத்தத்தில் மெதுவாக ஏறும், வயிறும் நெடுநேரம் தாங்கும். காய்ந்த தட்டைப்பயற்றில் நூற்றுக்கு 23, 24 பங்கு புரதம். அரிசியில் 7 பங்குதான். அரிசியின் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற சத்து பயற்றில் நிறைய உண்டு. பயற்றில் குறைவானதை அரிசி ஈடு செய்கிறது. நம் பாட்டிமார் இரண்டையும் ஒரே பானையில் போட்டது சும்மா இல்லை.

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறு நடவு செய்த இரப்பர், செம்பனைக் காட்டில் தரையை மூடிக் கொடி படர விடுவார்களே, அதுவும் பயறு வகைதான். அதன் வேர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். மரத்துக்குப் பயறு வேண்டும் என்று துரைமாருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. மரத்தைப் பார்த்துக்கொண்ட ஆளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் எத்தனை பேர்?

இந்தச் சோறு நமக்கு மட்டும் உரியது என்றும் எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் இதே கறுப்புக் கண் பயற்றையும் அரிசியையும் சேர்த்து ஆக்கி, ‘ஹாப்பின் ஜான்’ என்று பெயர் வைத்து, ஆங்கிலப் புத்தாண்டு அன்று நல்ல சகுனமென்று சாப்பிடுகிறார்கள். அந்தப் பயறு ஆப்பிரிக்கப் பயிர். மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து நம் பயிராகிவிட்டது. அமெரிக்காவுக்கோ அது அடிமைக் கப்பல்களின் வழியே போனது. கரோலினாவின் நெல் தோட்டங்களில் சேற்றில் நின்றவர்கள் அந்தக் கறுப்பின மக்கள்தாம். 1847-இல் சாரா ரட்லெட்ஜ் என்ற சீமாட்டி போட்ட சமையல் நூலில் அந்தச் சோறு இடம்பெற்றது. ஒரு பங்கு பயறு, ஒரு பங்கு அரிசி, கூடவே உப்பிட்ட பன்றி இறைச்சி. அந்த நூலோடு சீமாட்டியின் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பானையை அடுப்பில் வைத்த கறுப்புத் தாய்மாரின் பெயர் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலோ முன்பு திங்கட்கிழமை துணி துவைக்கும் நாளாக இருந்தது. சிவப்புப் பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டுத் துவைக்கப் போவார்கள். துவைத்து முடிப்பதற்குள் அது தானே வெந்துவிடும். வேலைக்காரப் பெண்ணின் கணக்கு எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

சரி, அடுப்புக்கு வருவோம். அளவுக்குப் பால் டின்னே போதும். ஒரு டின் பயறு, ஒன்றரை டின் அரிசி என்றால் ஐந்தாறு பேர் சாப்பிடலாம். பயற்றை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, கழுவி, இரவே ஊற வையுங்கள். விடியற்காலை பெரட்டுக்கு ஓடுகிற பெண்தான் இதையும் செய்யவேண்டும் என்று சட்டமில்லை. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கும் இரண்டு கை இருக்கிறது. வயிற்றில் வாயு சேரும் என்று பயப்படுகிறவர்கள் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றலாம்.

பயற்றைத் தனியாக வேக வையுங்கள். விரலால் நசுக்கினால் நசுங்கவேண்டும், ஆனால் குழையக் கூடாது. புளி, தக்காளி போன்ற புளிப்பு எதையும் அதுவரை பக்கத்தில் கொண்டு வரக்கூடாது. புளிப்புப் பட்டால் தோல் இறுகி, எத்தனை விறகு எரித்தாலும் வேகாது. பல வீடுகளில் “இந்தப் பயறு சரியில்ல” என்று கடைக்காரர் தலையில் பழி விழுவது இதனால்தான். பழைய பயறும் அப்படிச் செய்யும் என்பது வேறு விஷயம்.

வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், ருசியே அதில்தான். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், நசுக்கிய பூண்டு பத்துப் பல், ஒரு கை சின்ன வெங்காயம், கறிவேப்பிலை போட்டுத் தாளியுங்கள். மஞ்சள் தூளும் சிட்டிகை பெருங்காயமும் சேர்ந்த பிறகு கழுவிய அரிசி, வெந்த பயறு, உப்பு. பயறு வெந்த தண்ணீரையும் வெந்நீரையும் சேர்த்து மூன்று டின் அளந்து ஊற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி விடுங்கள். மின்சாரச் சோற்றுப் பானையில் கொட்டினாலும் தவறில்லை. இறக்கியதும் ஒரு பிடி தேங்காய்ப் பூவைத் தூவிக் கிளறவேண்டும். தொட்டுக்கொள்ள நெத்திலிச் சம்பல், அப்பளம், கொஞ்சம் மோர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு அளவாகச் சாப்பிடுங்கள்.

இன்னொரு செய்தி. வேலியோரம் பந்தலில் தொங்குமே பயத்தங்காய், அதுவும் தட்டைப்பயறும் ஒரே இனச் செடிதான். முற்றிக் காய்ந்த பயத்தங்காயின் விதையையும் இப்படியே ஆக்கலாம். முன்பு லயத்துக்குப் பின்னால் பந்தல் போட இடமிருந்தது. தோட்டம் கைமாறிய பிறகு அந்த மண்ணும் போயிற்று. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைக்கு அப்பால் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் தோட்டத்துக் குடும்பங்கள் வீட்டுக்காகப் போராடிய ஆண்டுகளை நாம் அறிவோம். வீடு கேட்கும்போது ‘கூரை இருந்தால் போதும்’ என்று யாரும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. பின்னால் நாலு பாத்தி நிலமும் கேட்கவேண்டும் என்று கூட்டங்களில் நான் சொல்லி வருகிறேன். “அடுக்குமாடியில பாத்தி எங்கே தம்பி?” என்கிறார்கள். தரைவீடு கேளுங்கள் என்பதுதான் என் பதில். அதுவரை பழைய எண்ணெய் டின்னில் மண் நிரப்பி, மாடிக் கம்பியோரம் மூன்று விதை ஊன்றுங்கள். இரண்டு மாதத்துக்குள் காய் பறிக்கலாம். கொடியில் நாலு காயை மட்டும் பறிக்காமல் விதைக்கென்று முற்ற விட்டுவிடுங்கள்.