கார்டு வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!
(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் பிரிவு)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது முதலில் கவிதைதான் எழுத நினைத்தேன். நம் காலேஜில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை என்பதால், காசையும் தூக்கத்தையும் இழந்து நான் கற்றுக்கொண்ட ஒரு சமாசாரத்தை எழுதுகிறேன். விரல் நகம் அளவே உள்ள மைக்ரோ எஸ்.டி. கார்டு பற்றியது.

எங்கள் பேட்ச் புராஜெக்ட், விஸ்வநத்தத்தில் ஓர் ஆப்செட் அச்சகத்துக்கு ஷீட் எண்ணும் கருவி. சென்சார் எண்ணும், டேப்லெட் கணக்கைக் காட்டிச் சேமிக்கும். புது டேப்லெட்டுக்கு ஏது பணம்? ஆல்வின்னர் ஏ13 சில் உள்ள பழைய 7 அங்குல டேப்லெட் ஒன்று சும்மா கிடைத்தது. பாட்டரி செத்தது, உள் நினைவகமும் போனது. ஆனால் அந்தச் சில்லுக்கு ஒரு நல்ல குணம்: பவர் வந்ததும் முதலில் கார்டைத்தான் பார்க்கும். கார்டில் லினக்ஸ் இருந்தால் அதையே ஏற்றிவிடும்.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. 2011 அக்டோபரில் மத்திய அரசு ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டது. அரசு வாங்கிய விலை 2,276 ரூபாய். 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்.பி. ரேம், பாவம், தவழ்ந்துதான் போனது. 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2-இல் இதே ஏ13 சில், 512 எம்.பி. ரேம், ஆண்ட்ராய்டு 4.0. பம்பாய் ஐ.ஐ.டி.காரர்கள் அதில் கார்டு வழியாக லினக்ஸ் ஓட்ட வழிசெய்து, செய்முறையையும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டு அப்படியே இருக்கும், கார்டைச் செருகினால் லினக்ஸ்.

சரி, கார்டுக்கு வருவோம். பஜாரில் 350 ரூபாய்க்கு 128 ஜி.பி. கார்டு வாங்கினேன். மேலே கிளாஸ் 10, 100 எம்.பி. வேகம் என்றெல்லாம் அச்சடித்திருந்தது. (சிவகாசிக்காரனுக்கு லேபிள் அச்சடிப்பது எவ்வளவு சுலபம் என்று தெரியாதா? அப்பவும் ஏமாந்தேன்.) டேப்லெட் ஆன் ஆக 4 நிமிஷம். ஒரு பட்டனைத் தொட்டால் டீ குடித்துவிட்டு வரலாம். இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று ஒருநாள் பார்ட்டிஷனை முழு 128-க்கும் விரித்தேன். மறுநாள் ஒரு வாரக் கணக்கும் இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை. வைவாவுக்கு 9 நாள்!

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இரண்டு வியாதி ஒன்றாக இருந்திருக்கிறது.

முதல் வியாதி, பொய்க் கொள்ளளவு. உள்ளே இருக்கும் கன்ட்ரோலரை 128 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். உண்மையில் இருந்தது 16 ஜி.பி. அதைத் தாண்டி எழுதினால் பழையதன் மேலேயே எழுதும், அல்லது எழுதியதாகச் சொல்லிவிட்டு விட்டுவிடும். லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்று இலவச மென்பொருள்கள் உண்டு. கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். ராத்திரி முழுக்க ஓடினாலும் பரவாயில்லை, வாங்கிய அன்றே போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வியாதிதான் நிறையப் பேருக்குத் தெரியாதது. கார்டு ஒரிஜினலாகவே இருக்கட்டும், கிளாஸ் 10 என்றால் என்ன? நொடிக்குக் குறைந்தது 10 எம்.பி., அதுவும் வரிசையாக ஒரே நீளமாக எழுதும்போது. யு3, வி30 என்றால் 30 எம்.பி. இதெல்லாம் கேமராவுக்காக வந்த கணக்கு. வீடியோ என்பது ஒரே நீளமான எழுத்து. ஆபரேட்டிங் சிஸ்டம் அப்படி எழுதாது. இங்கே 4 கே.பி., அங்கே 4 கே.பி. என்று கொறித்துக்கொண்டே இருக்கும்.

கொறித்தால் என்ன நஷ்டம் என்று எனக்கே முதலில் விளங்கவில்லை. அச்சகத்து மிஷின்மேன் அண்ணாச்சியிடம் புலம்பியபோது, "தம்பி, காலண்டர் பத்தாயிரம் ஷீட்டுன்னா மிஷின் பாட்டுக்கு ஓடும். நூறு விசிட்டிங் கார்டு, நூறும் வேற வேற பேருன்னா? பிளேட் மாத்தியே பொழுது போயிரும்ல" என்றார். கச்சிதம்! ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிய இடத்திலேயே திருத்தி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதோ பெரிய பிளாக்காகத்தான் நடக்கும். 4 கே.பி. மாற்ற, பெரிய பிளாக்கில் உள்ள நல்ல தகவலையும் வேறிடத்துக்கு நகர்த்த வேண்டி வரும். ஓர் எழுத்துப் பிழைக்கு முழு பிளேட்டையே மாற்றுகிற கதைதான். நல்ல கன்ட்ரோலர் இதைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கும், மட்டமானது திணறும். எங்கள் டேப்லெட்டில் ரேமும் குறைவு. ரேம் நிரம்பியதும் ஸ்வாப் வேறு கார்டிலேயே போய் விழுந்தது.

இதற்காகவே எஸ்.டி. சங்கத்தார் 2016-இல் ஏ1 என்ற குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். நொடிக்கு 1,500 சிதறிய வாசிப்பு, 500 சிதறிய எழுத்து, இரண்டும் 4 கே.பி. துண்டுகளாக. பெருக்கிப் பாருங்கள்: 500 × 4 கே.பி. என்றால் வெறும் 2 எம்.பி.தான்! 100 எம்.பி. என்று லேபிளில் பார்த்த கண்ணுக்கு இது அல்பமாகத் தெரியும். ஆனால் டேப்லெட் வழுக்கிக்கொண்டு ஓடுவது இந்த 2 எம்.பி.யில்தான். 2017-இல் வந்த ஏ2-வில் வாசிப்பு 4,000, எழுத்து 2,000.

உடனே ஏ2 வாங்க ஓடாதீர்கள். அந்த வேகத்துக்கு டேப்லெட்டும் ஒத்துழைக்க வேண்டும். பல கட்டளைகளை வரிசைகட்டி அனுப்பும் வசதி ஸ்லாட்டிலும் மென்பொருளிலும் இருக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை 5-இல் இருக்கிறது, பழைய டேப்லெட்டில் இல்லை. அதேபோல் பழைய ஸ்லாட்டின் எல்லை 50 மெகாஹெர்ட்ஸ், 4 டேட்டா கம்பி. நொடிக்கு 200 மெகாபிட், அதாவது 25 எம்.பி. அதில் 100 எம்.பி. கார்டைச் செருகினாலும் 25-ஐத் தாண்டாது. ஒற்றையடிப் பாதையில் லாரியை விட்ட மாதிரி!

ஆண்ட்ராய்டில் கார்டை உள் நினைவகமாகச் சேர்க்கும் வசதி 2015-இல் 6.0-உடன் வந்தது. சேர்க்கும்போது அதுவே வேகத்தைச் சோதித்து, கார்டு மெதுவானது என்று எச்சரிக்கும். நாமதான் அதை ஓ.கே. அழுத்தித் தள்ளிவிடுவோம்.

நான் கடைசியில் வாங்கியது பில்லோடு 32 ஜி.பி. ஏ1 கார்டு. எஃப்3-இல் பாஸ். டேப்லெட் 1 நிமிஷத்துக்குள் ஆன் ஆனது. இன்னொரு திருத்தமும் செய்தோம். மிஷின் மணிக்கு 6,000 ஷீட் ஓடும். ஒவ்வொரு ஷீட்டுக்கும் கார்டில் எழுதிக்கொண்டிருந்ததை மாற்றி, ரேமில் சேர்த்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுத வைத்தோம். கரண்ட் போனால் ஒரு நிமிஷக் கணக்கு போகும், அவ்வளவுதான். போனால் போகட்டும் என்று நாங்கள் சொன்னோம். முதலாளி விடவில்லை, நூறு ஷீட் போனாலும் காகிதம் காகிதம்தானே என்றார். அதனால் சின்ன யு.பி.எஸ். ஒன்று மாட்டினோம். ரிப்போர்ட்டை மூன்று ராத்திரி உட்கார்ந்து மறுபடி டைப் அடித்தோம். இந்த முறை பென்டிரைவில் ஒரு காப்பி, என் ரூம்மேட்டிடம் ஒரு காப்பி.

பழைய 16 ஜி.பி. கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 128 என்று போட்டிருக்கும். யாருக்காவது டெஸ்ட் பண்ணிப் பழக வேண்டுமானால் ஹாஸ்டலில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.